முற்றுவது புரை, போவது கண்

போன ஞாயிற்றுக்கிழமை கண் சிகிச்சை முகாம் நோட்டீஸ் ஒன்றைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கொடுக்கப் போனேன். அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மகன் வாசலிலேயே வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காட்டியாச்சு சார். புரைதானாம். இன்னும் முத்தலை. முத்தினதும் எடுத்துக்கலாம்." எங்கே காட்டினீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூக்குக்கண்ணாடிக் கடையில் என்றார். உள்ளே அந்த அம்மா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் அல்ல, விரலால் தடவித் தடவி.

இந்த 'முத்தட்டும்' என்ற சொல்லை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! படித்தவர் வீடு, படிக்காதவர் வீடு என்ற வித்தியாசமே இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியம்மாவின் இடது கண்தான் நினைவுக்கு வரும்.

பெரியம்மா சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். பார்வை மங்கியதும் லேபிள் கோணலாகப் போயிற்று. ஏஜெண்ட் கட்டுக் கட்டாகத் திருப்பினார். கண்ணில் புரை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து சொன்னது ஒன்றே: முத்தட்டும். மூன்று வருஷம் முற்றவிட்டார்கள். ஓர் ஆடி மாதத்து ராத்திரி தலையைப் பிளக்கிற வலி, வாந்தி. பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாளும் வலி. கண் ரத்தமாகச் சிவந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது டாக்டர் சொன்னது இதுதான்: முற்றிய புரை ஊதிப் பெருத்துக் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிகிற வழியை அடைத்துவிட்டது, அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு செத்துவிட்டது. புரையை எடுத்தார்கள். வலி நின்றது. பார்வை வரவில்லை.

அவர்கள் ஆசைப்பட்டபடியே முற்றியது. கண் போயிற்று.

அந்தச் சொல்லையே கொஞ்சம் யோசியுங்கள். நம் வீட்டில் முற்றினதை எதற்காவது விரும்பி வாங்குகிறோமா? வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறோம். முற்றின கத்தரிக்காயைக் கடைக்காரரிடமே திருப்பித் தருகிறோம். பெற்ற தாயின் கண்ணை மட்டும் முற்றட்டும் என்று விட்டு வைக்கிறோம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நம் தாத்தா காலத்தில் கண்ணைப் பெரிதாகக் கீறி, லென்ஸை அதன் உறையோடு சேர்த்து வெளியே எடுப்பார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் நாள்கணக்கில் படுக்கப் போடுவார்கள். அதன் பிறகு பத்து பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு கண்ணில் மட்டும் செய்தால் அந்தக் கண்ணுக்கு எல்லாம் பெரிதாகத் தெரியும், மற்றதற்குச் சாதாரணமாகத் தெரியும், உருவம் இரண்டாகும். அதனால் இரண்டு கண்ணும் மங்கும்வரை பொறு என்று அன்றைய மருத்துவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த அறுவை சிகிச்சை போய்விட்டது. அதற்காகச் சொன்ன வார்த்தை மட்டும் நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

1949 நவம்பரில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் புரை எடுத்த கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த, விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடிச் சில்லுகள் உள்ளேயே கிடந்தும் கண் கெடாததைக் கவனித்து, அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்ய வைத்தவர். சக மருத்துவர்கள் பல வருஷம் அவரை எதிர்த்தார்கள். பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. 1967-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், ஒலி அதிர்வால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று கீறல் மூன்று மில்லிமீட்டருக்குள் முடிகிறது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். அந்த முறைக்கு இளம்புரைதான் எளிது. கல்லாக இறுகியதை உடைக்க அதிக அதிர்வு வேண்டும். அது கருவிழியின் உள்பக்கத்துச் செல்களைக் காயப்படுத்தும். வேலையைக் கடினமாக்கிவிட்டு, ஆபரேஷன் சரியில்லை என்று மருத்துவரைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரி, எப்போதுதான் எடுப்பது? தினப்படி வேலைக்குப் பார்வை இடைஞ்சல் ஆகும்போது எடுக்கலாம். அரிசியில் கல் தெரியவில்லை, பஸ் நம்பர் தெரியவில்லை, படி தெரியவில்லை என்றால் காலம் வந்துவிட்டது. அதற்கு மேல் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சுமார் ஒரு மாதத்தில் முதல் கண்ணில் புரையை எடுத்தார்கள். மற்றவர்களை வழக்கமான வரிசையில் காக்க வைத்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது: சீக்கிரம் எடுத்துக்கொண்டவர்கள் கீழே விழுவது 34 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு முறிவும் குறைவு. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் எத்தனை கிழவிகளை நம் தெருக்களில் பார்க்கிறோம்! வழுக்கி விழுந்தாள் என்கிறோம். படி தெரியாமல் விழுந்தாள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பார்வை மங்கினாலே 'புரைதான்' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உள்ளே இருப்பது கண் நீர் அழுத்த நோயாக இருக்கலாம். சர்க்கரை விழித்திரையைத் தின்றுகொண்டிருக்கலாம். புரையால் போன பார்வையை மீட்கலாம். அழுத்தத்தால் நரம்பு செத்துப் போன பார்வையை உலகத்தில் எந்த மருத்துவராலும் மீட்க முடியாது. பெரியம்மாவின் இடது கண் அதற்குச் சாட்சி. புரை என்று நினைத்து முற்றக் காத்திருப்பவர், இல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்து இருப்பதையும் இழக்கிறார்.

'முத்தட்டும்' தனியாக வருவதில்லை, தன் கூட்டத்தையும் அழைத்து வரும். கத்திரி வெயிலில் வேண்டாம், ஆடியில் வேண்டாம், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று காலண்டரில் ஒரு மாதமும் மிச்சமில்லாமல் செய்துவிடுவார்கள். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து என்று செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது. இன்னொரு கொடுமை, கண் சிவந்தால் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுவது. அது புரையையும் வரவழைக்கும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

அப்புறம் 'இலவச முகாமா, அங்கே போகாதே' என்று தடுப்பவர்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை சிகிச்சை செய்தார். பணம் கட்டுபவருக்கும் கட்டாதவருக்கும் அங்கே அதே மருத்துவர்கள். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்குக் கட்டாது என்று 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். உலகமே வந்து பார்த்துப் படித்துப் போன வழி இது. அதை நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே சந்தேகப்படுகிறார்கள்; யாரோ எங்கேயோ சொன்ன ஒரு கதைக்காகத் தாயை இருட்டில் உட்கார வைக்கிறார்கள்.

தென்னிந்தியக் கிராமங்களில் செய்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறையுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று சொல்லியது. முகாம் ஊருக்கே வந்தும் ஏழு பேர். மற்றவர்களுக்குப் பயம், பஸ் செலவு, கூட வர ஆளில்லை. இதிலும் பெண்கள்தான் கடைசி. வீட்டு ஆண்களுக்குக் கண் மங்கினால் அந்த வாரமே வண்டி வைக்கிறோம். அம்மாவுக்கு மங்கினால் 'அவங்க எங்கே வெளியே போறாங்க, சமாளிச்சுக்குவாங்க' என்கிறோம். மூன்று வருஷம் லேபிளைக் கோணலாக ஒட்டிக்கொண்டு என் பெரியம்மாவும் சமாளித்தார்.

இந்தியாவில் 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66 சதவீதம் புரையால் வருகிறது என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூன்று பேரில் இரண்டு பேர். திரும்பக் கிடைக்கக்கூடிய பார்வையை இழந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள்.

மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகப் போகிறேன். மகன் இந்த முறையும் நோட்டீஸைத் திருப்பித் தந்தால் பெரியம்மாவின் கதையை வாசலிலேயே உட்கார்ந்து சொல்லப் போகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ விரலால் தடவி அரிசி பார்க்கிறவர் ஒருவர் இருந்தால், இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். துணைக்கு ஆளில்லாததாலேயே பலர் போகாமல் இருக்கிறார்கள்.