அறிவின் வாசல்கள் பல

அருள்மறையாம் திருக்குர்ஆனின் 35-ஆவது அத்தியாயமாகிய சூரத்துல் ஃபாத்திரில் 27, 28 ஆகிய இரு திருவசனங்களை ஊன்றி ஓதுவோர் ஓர் அரிய உண்மையை உணர்வர். வானிலிருந்து இறங்கும் மழை, அம்மழையால் பல நிறங்களில் விளையும் கனிகள், வெண்மையும் செம்மையும் கருமையுமாக வரியோடிய மலைகள், மனிதர்கள், விலங்குகள், கால்நடைகள் ஆகியவற்றின் நிற வேற்றுமைகள் என இறைவன் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். அதனையடுத்தே, தன் அடியார்களுள் தன்னை உள்ளபடி அஞ்சுவோர் அறிஞர்களே என்று அறிவிக்கிறான்.

அங்கே அவன் ஆளும் சொல் 'உலமா' என்பதாகும். அச்சொல் மழைக்கும் மலைக்கும் கனிக்கும் கால்நடைக்கும் அடுத்தாற்போல் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். படைப்பின் பல நிறங்களைக் கூர்ந்து நோக்குவோன் படைத்தவனை அஞ்சுகிறான். நிறங்கள் பல, ஆகவே நோக்கும் துறைகளும் பல.

கான்சாபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிறது. திருவசனம் கூறும் மழையும் கனியும் பாறையும் விலங்கும் அங்கே உள்ளன. அம்மலைக் காட்டில் வாழும் சாம்பல் நிற அணிலைக் காக்கவென்றே 1988-இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. அவ்வணிலைப் பற்றி ஆராய உலகின் பல மூலைகளிலிருந்தும் அறிஞர்கள் வரக்கூடும். அடிவாரத்தில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்காட்டையும் பாறையையும் கற்கப் புறப்பட்டிருக்கின்றனர்?

நம் இல்லங்களில் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தவுடன் எழும் கேள்வி ஒன்றே: "எதைப் படித்தால் உடனே சம்பாதிக்கலாம்?" பொறியியல், கணினி, வணிகம், முடிந்தால் மருத்துவம், அதன்பின் வளைகுடாவுக்கு விமானம். இவற்றுள் எதுவும் விலக்கப்பட்டதன்று. ஹலாலான சம்பாத்தியம் இபாதத்தேயாகும். ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் இரண்டு மூன்று வாசல்களிலேயே முண்டியடித்து நிற்பது முறையாகுமா?

இமாம் கஸ்ஸாலியின் கவலை

இக்கேள்வி புதியதன்று. கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் பெருநூலாகிய 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் கல்வி பற்றிய பகுதியில் இதனை விரிவாக ஆராய்கிறார்கள். ஒவ்வொருவரும் கற்றே தீரவேண்டிய கல்வி ஃபர்ளு ஐன். ஊரில் சிலரேனும் கற்றாக வேண்டிய கல்வி ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்திற்குள்ளாகும். மருத்துவமும் கணக்கும் இவ்வகையைச் சேர்ந்தவை என்கிறார்கள் இமாம் அவர்கள்.

அத்துடன் நிற்கவில்லை. முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் பல இருக்க, மாணவர்களெல்லாம் சட்டக் கல்விக்கும் வாதக் கலைக்குமே கூட்டமாக ஓடுகிறார்களே என்று வருந்துகிறார்கள். பதவியும் செல்வமும் அங்கே கிடைப்பதுதான் காரணம் என்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மார்க்கச் சட்டத்தில் கரைகண்ட ஒருவரே, மார்க்கச் சட்டத்திற்குக் கூட்டம் கூடுவதைக் கண்டித்தார் என்பதை நாம் கருதவேண்டும். கூட்டம் இன்று வேறு வாசலுக்கு மாறியிருக்கிறது. காரணம் மட்டும் மாறவில்லை!

பெயரையும் தொப்பியையும் பெற்றோம்

நம் அயலார் நம்மைத் 'துலுக்கர்' என்று அழைத்த காலம் உண்டு. துருக்கர் என்பதன் திரிபே அது. நம் பாட்டனார்கள் சிவந்த துருக்கித் தொப்பியை அணிந்து பெருமிதம் கொண்டனர். துருக்கியரின் பெயரையும் தொப்பியையும் பெற்ற நாம், அந்நாட்டறிஞர்கள் எத்தனை வாசல்களைத் தட்டினார்கள் என்பதையும் சற்று அறிய வேண்டாமா?

ஹுலூசி பெஹ்செட் என்னும் தோல் மருத்துவர் 1937-இல் விளக்கிய நோய் இன்றும் உலக மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜாஹித் ஆர்ஃப் கணிதத்தில் தம் பெயரை நிலைநாட்டினார். ஹலீல் இனால்ஜிக் புர்ஸா நகரத்துக் காழிமாரின் பழைய நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டி, உதுமானியர் காலத்து மக்களின் வாழ்வையும் வாணிகத்தையும் வெளிக்கொணர்ந்தார். அஜீஸ் சன்ஜார் சவூர் என்னும் சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்த எட்டு மக்களுள் ஒருவர். சிதைவுற்ற மரபுப் பொருளை உயிரணு எவ்வாறு செப்பனிட்டுக் கொள்கிறது என்று ஆராய்ந்து, 2015-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றார். ஜெர்மனியில் வாழும் துருக்கிய மரபினரான உகுர் சாஹின், ஓஸ்லெம் துரேஜி தம்பதியர் கண்ட நிறுவனமே 2020-இல் கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்று. அத்தம்பதியருள் ஒருவர் பெண் என்பதை, மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் பெற்றோர் கவனிப்பார்களாக.

இவர்களெல்லாரினும் மதரஸாவில் ஓதிய எம் போன்றோர் உள்ளத்தைக் கவர்பவர் ஃபுவாத் செஸ்கின். 1924-இல் பிறந்த அவர், ஸஹீஹுல் புகாரிக்கு ஆதாரமாயிருந்த மூலங்களை ஆராய்ந்து 1956-இல் நூல் வெளியிட்டார். 1960-இல் துருக்கியில் ஏற்பட்ட இராணுவப் புரட்சிக்குப்பின் பல்கலைக்கழகப் பதவியை இழந்து ஜெர்மனி சென்றார். அங்கே 1967-இல் தொடங்கி, அரபு நூல்களின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். முதல் தொகுதி குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் ஆகிய கலைகளைப் பற்றியது. பின்வந்தவை கவிதை, மருத்துவம், வேதியியல், கணிதம், வானியல், இலக்கணம், புவியியல் என விரிந்தன. 2018-இல் இறையடி சேரும்வரை அவர் பேனா ஓயவில்லை. ஹதீஸ் கலையில் தொடங்கியவரை அக்கலையே வானியலுக்கும் வரைபடத்திற்கும் அழைத்துச் சென்றது.

இதில் வியப்பில்லை. அறிவிப்பாளர் யார், அவர் நம்பத்தக்கவரா, யாரிடம் கேட்டார் என்று துருவித் துருவி ஆராயும் பழக்கத்தை முஹத்திஸ்கள் வளர்த்தார்கள். சீனாவுக்குச் சென்றேனும் கல்வி தேடுமாறு கூறுவதாக நம் மேடைகளில் முழங்கும் அறிவிப்பு பலவீனமானது என்று நமக்குச் சொன்னவர்களும் அவர்களே! மனத்துக்கு இனிய செய்தியாயினும் சான்றின்றி ஏற்காத அந்த நேர்மைக்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

நம் மண்ணின் அறிஞர்கள்

துருக்கியைப் புகழ்ந்துவிட்டு நம்மை இகழ்வது என் நோக்கமன்று. நம் தமிழ் முஸ்லிம்களும் பல வாசல்களைத் திறந்தவர்களே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸையிது முஹம்மது (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றி, எளிய மக்களின் வீட்டுத் திண்ணைவரை மார்க்க அறிவைக் கொண்டுசென்றார்கள்.

முஸ்லிம்களுக்குத் தமிழில் இலக்கியம் உண்டா என்று வினவியோர்க்கு விடையளிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார் இலங்கையைச் சேர்ந்த டாக்டர் ம.மு. உவைஸ் (1922–1996). நமக்கு அண்மையிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயீல், சாட்சியத்தை எடைபோடும் அதே கூர்மையோடு கம்பனின் வாலி வதைப் படலத்தை ஆராய்ந்தார். இராமநாதபுரம் டாக்டர் எஸ்.எம். கமால், சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்தார். மணவை முஸ்தபா, 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராயிருந்து, அறிவியலுக்கான தமிழ்க் கலைச்சொற்களைத் திரட்டித் தந்தார். இராமேசுவரத்துப் படகுக்காரரின் மைந்தர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திட்ட இயக்குநராயிருந்து உருவாக்கிய ஏவுகலம், 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணித் துணைக்கோளை விண்ணில் நிறுத்தியது.

இலக்கியம், சட்டம், செப்பேடு, கலைச்சொல், விண்கலம் என எத்தனை துறைகள்! இவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளில் அமர நம் வீடுகளில் யார் தயாராகின்றனர்?

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாபுரம் என்ற பெயரைக் கான் சாகிபோடு இணைத்தே மக்கள் பேசுகின்றனர். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான்தான் அந்தக் கான் சாகிபு. அவர் வரலாற்றை விரிவான ஆங்கில நூலாக 1914-இல் எழுதியவர் எஸ்.சி. ஹில் என்னும் ஆங்கிலேயர். அவரைப் பற்றிய நாட்டுப்புறக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. அவ்விருவருக்கும் நாம் நன்றியுடையோம். ஆனால் அவர் பெயர் தாங்கிய ஊரில் வாழும் நாம், அவர் காலத்து நிலத்தையும் நீரையும் மக்களையும் பற்றி ஓர் ஏடேனும் எழுதினோமா? நம் கதையை நாம் தேடாவிட்டால், பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதே நம் பங்காகும். பிறர் திரித்துச் சொன்னாலும் மறுக்க நம் கையில் சான்று இராது.

சான்றுகளோ நாளுக்கு நாள் அழிகின்றன. பாட்டியாரின் பெட்டியிலுள்ள அரபுத் தமிழ்க் கிதாபுகளை வாசிப்பார் இல்லை. கரையான் தின்னாதவற்றைப் பழைய தாள் கடைக்கு அனுப்புகிறோம். மரியாதை செய்வதாக எண்ணி ஆற்றிலும் கிணற்றிலும் விடுகிறோம். பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தப்தர்களும் வரவு செலவுக் கணக்குகளும் மூலையில் மட்கிக் கிடக்கின்றன. புர்ஸா நகரத்துப் பதிவேடுகளிலிருந்து ஒருவர் ஒரு பேரரசின் வாழ்வையே எழுதினார் என்றால், நம் ஜமாஅத் தப்தர்களில் நம் ஊர்களின் வரலாறு இல்லாமலா போகும்?

"வரலாறும் இலக்கியமும் சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஏழைத் தகப்பனாரின் கவலையை நான் எள்ளவில்லை. குடும்பத்தைத் தாங்கவேண்டிய மூத்த மகன் தொழிற்கல்வி கற்கட்டும். ஆனால் வசதியுள்ள வீடுகளிலும் பிள்ளையின் நாட்டத்தை முளையிலேயே கிள்ளுகிறோமே, அது ஏன்? மேலும், ஃபர்ளு கிஃபாயா ஊர் முழுவதன் கடமையாயிருக்க, அதற்குரிய செலவை ஒரு தகப்பனார் தலையில் மட்டும் சுமத்துவது எவ்வாறு நீதியாகும்?

"மார்க்கக் கல்வி ஒன்றே போதுமே" என்பாரும் உளர். மார்க்கக் கல்வியே முதன்மையானது, அதில் ஐயமில்லை. ஆயினும் மழையையும் மலையையும் பார்க்கச் சொன்னதும் அதே திருமறைதானே!

ஆகவே, ஜமாஅத்துப் பெரியோர்களே! திருமணப் பந்தலுக்கும் மின்விளக்கு அலங்காரத்திற்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ ஆராய்ச்சிப் படிப்பு முடியும்வரை தாங்குங்கள். பழைய கிதாபுகளையும் தப்தர்களையும் ஓரிடத்தில் சேர்த்துப் பாதுகாத்துப் படமெடுத்து வையுங்கள். பெற்றோர்களே! என்ன சம்பாதிப்பாய் என்று கேட்குமுன், எதை அறிய விரும்புகிறாய் என்று ஒரு முறை கேளுங்கள். மாணவச் செல்வங்களே! கூட்டம் நிற்காத வாசலையும் தட்டிப் பாருங்கள். அல்லாஹ்வின் படைப்பில் பயனற்ற துறை எதுவுமில்லை. திருந்த வேண்டியது நம் நிய்யத்து மட்டுமே.

படைப்பின் பல நிறங்களை நம் கண்களுக்குக் காட்டிய வல்ல நாயன், அவற்றை ஆராய்ந்து அவனை அஞ்சி வாழும் மக்களாக நம் சந்ததியினரை ஆக்கியருள்வானாக! ஆமீன்.