கையில் வேலையின்றி ஊர் திரும்புவோர்

அடுத்த உத்தியோகம் கைக்கு வருமுன் இருக்கிற உத்தியோகத்தை விடலாகாது என்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் உபதேசம். அண்ணா நகரிலிருந்து கிண்டிக்கு மாறுகிறவருக்கு அது நல்ல உபதேசமே. ஆனால், வயோதிகப் பெற்றோரைக் கவனிக்க ஆளில்லாத நிர்ப்பந்தத்தால் சென்னையையோ பெங்களூரையோ விட்டு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ நிரந்தரமாகத் திரும்ப எண்ணும் ஒருவரிடமும் அதையே சொல்லி, அங்கே வேலை கிடைக்கும்வரை பொறுத்திரு என்று தடுப்பது, அவருடைய சங்கடத்தின் தன்மையை அறியாதவர்கள் சொல்லும் வார்த்தை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மென்பொருள் நிறுவனங்கள் பல நிபந்தனை விதிக்கின்றன; தென் மாவட்டங்களில் ஆள் எடுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களோ இடம் காலியான பிறகே ஆள் தேடத் தொடங்குவதால், மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்பவருக்காகக் காத்திருக்க அவற்றுக்கு வழியில்லை. தொலைபேசியில், தகுதி, அனுபவம் பற்றிய பேச்செல்லாம் சுமுகமாக முடிந்தபின், "எப்ப சார் ஜாயின் பண்ண முடியும்?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும், "ரிலீவ் ஆனதும் ஒரு போன் பண்ணுங்க சார், பார்க்கலாம்" என்று முடித்துக்கொள்வார்கள். விலகினால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் விலகல் என்ற இந்தச் சக்கரத்தில் ஆண்டுக்கணக்கில் சுழல்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அந்தக் காலமெல்லாம் பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்பதை உபதேசிகள் மறந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வீடு சேரும் மகன், அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்து, இருக்கவேண்டியதைவிட மூன்று மாத்திரை குறைவாக இருப்பதைக் கண்டு, காலையில் போட்டதை மறந்து இரவிலும் போட்டிருக்கிறார் என்று ஊகித்து, அம்மாவிடம் விசாரித்தால் அம்மாவுக்கும் நினைவில்லை என்று அறிந்து, ஞாயிறு மாலை அதே கவலையுடன் மீண்டும் பேருந்து ஏறுகிறானே, அவனிடம் போய்ப் பொறுமையைப் பற்றி என்ன பேசுவது?

ஆனால் விவேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலகுமுன் செய்து முடிக்கவேண்டிய காரியங்களில் தலையாயது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்திருப்பவர்கள், வேலையின் கடைசி நாளோடு அந்தப் பாதுகாப்பும் பொதுவாக முடிந்துவிடும் என்பதை உணரவேண்டும். எவருடைய பொருட்டு உத்தியோகத்தைத் துறக்கிறோமோ அவர்களையே அன்று நிராதரவாக விட்டவர்களாவோம். எழுபது வயதானவருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடமுண்டு. குழுவில் இருந்த காலமும் காத்திருப்பில் கழிக்கப்படும். ஆகையால் ராஜினாமாக் கடிதத்தை எழுதுமுன்பே இதை விசாரித்து முடிப்பது உசிதம்.

நிரந்தர ஊழியராக ஐந்தாண்டு சேவை பூர்த்தியாகச் சில மாதங்களே இருந்தால், பணிக்கொடையைக் கருதி அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். வருங்கால வைப்பு நிதியில் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை தேவை என்பதால், கைச்செலவுக்கென்று ஓய்வூதியப் பகுதியைத் துடைத்து எடுத்துவிடலாகாது. வீட்டுக்கடன் தவணை உட்பட ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர் புறப்படுவதை நானும் ஆதரிக்கமாட்டேன்.

ஊரில் வேலை ஏது என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. இன்று தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ இயங்குகிறது. மதுரை, திருச்சி, திருநெல்வேலி, சேலம், ஓசூர் ஆகிய ஊர்களில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் தூத்துக்குடியிலும் நியோ டைடல் பூங்காக்கள் வந்துவிட்டன. சம்பளம் சென்னைக்கு நிகராக இராது. வாடகையும் அப்படி இராது.

வேலை கிடைக்கும்வரை பொறுத்திரு என்ற உபதேசத்தில் ஒரு பெரிய அநீதியும் மறைந்திருக்கிறது. மாமனாரோ மாமியாரோ படுத்த படுக்கையாகிவிட்டால், மகன் சென்னையிலேயே சம்பாதிக்க, மருமகள் தன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது பல குடும்பங்களில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அடுத்த வேலை தேடிக்கொண்டாயா என்று அவளை எவரும் கேட்பதில்லை. அவசரப்பட்டாள் என்று எவரும் பேசுவதில்லை. மகன் விலக முற்படும்போது மட்டும், அத்தனை உறவினரும் கூடி எதிர்காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்கள். மகளோ மருமகளோ ஆயினும் அவள் இழக்கும் உத்தியோகமும் உத்தியோகந்தானே!

ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியாற்றிய ஊழியரை நீக்குவதாயின் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும் என்றுதான் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் முதலாளியிடம் கேட்கிறது. தமக்கு ஒரு மாதம் போதுமென்றால், ஊழியரிடம் மட்டும் மூன்று மாதம் கேட்பது என்ன நியாயம்? இந்த நோட்டீஸ் காலத்தை 30 நாளாகக் குறைக்க நிறுவனங்கள் தாமாகவே முன்வரவேண்டும். ஊர்ப்பக்கத்து முதலாளிகளும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் சென்ற ஆறேழு மாத இடைவெளியை விண்ணப்பத்தில் கண்டால், அதை ஒரு குறையாக எண்ணி ஒதுக்காமல், அந்த மனிதரை நேரில் அழைத்துப் பேசவேண்டும்.