நெப்ராஸ்காவுக்கு ஏன் நல்ல பசங்க கிடைக்க மாட்டேங்கிறாங்க?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம்ம ஊர் கால்பந்து பற்றிய பதிவு இல்லை. ஹெல்மெட், தோளில் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். "காலால உதைக்கிறதே எப்பவோ ஒரு தடவைதான், இதுக்கு எதுக்கு ஃபுட்பால்னு பேரு?" என்று தங்கமணி கேட்ட கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை :-)

புனேயில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதுக்கு இந்த வேலை என்பீர்கள். காரணம் ஆபீஸ்தான். எங்கள் கிளையண்ட் இருப்பது நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில். ஃபுட்பால் சீசனில் திங்கட்கிழமை கால் என்றால் முதல் பத்து நிமிடம் சனிக்கிழமை மேட்ச் பற்றிய புலம்பல். மாநில யுனிவர்சிட்டி டீம்தான் அவர்களுக்கு எல்லாம். வருடங்களாகக் கேட்டுக் கேட்டு நானும் பாதி நெப்ராஸ்காக்காரன் ஆகிவிட்டேன். டிசம்பர் வந்தால் புலம்பல் ஒரு சுற்று ஏறும். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் எந்தக் காலேஜில் சேரப்போகிறோம் என்று கையெழுத்துப் போடுவார்கள். பெரிய ஸ்டார் பையன்கள் ஜார்ஜியா, அலபாமா, ஓஹியோ ஸ்டேட், டெக்சாஸ் என்று போய்விடுவார்கள். நெப்ராஸ்காவுக்கு அவர்களில் ஒன்றிரண்டு பேர் வந்தால் பெரிய விஷயம்.

சும்மா கிடந்த டீமாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இது ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆன டீம்: 1970, 1971, 1994, 1995, 1997. 1969-இலிருந்து 2001 வரை 33 சீசன் தொடர்ந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 9 வெற்றி. 1962 நவம்பரிலிருந்து லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தில் எல்லா மேட்சுக்கும் டிக்கெட் தீர்ந்துகொண்டே இருக்கிறது. டீம் தோற்றாலும் தீர்கிறது! 2023 ஆகஸ்டில் அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் மேட்ச் வைத்தார்கள். வந்த கூட்டம் 92,003. கூட்டத்துக்கோ பாசத்துக்கோ குறைவில்லை. அப்புறம் ஏன் பசங்க வருவதில்லை?

வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, குளிர். இரண்டு, பட்டிக்காடு. இரண்டும் ஜல்லி என்பது என் கருத்து. ஓஹியோவிலும் மிஷிகனிலும் மட்டும் பனி பெய்யாதா? குளிரும் சோளக்காடும் 1971-இலும் இருந்தன, 1995-இலும் இருந்தன. அப்போது சாம்பியன்ஷிப் வந்ததே. ஆக, மாறியது வேறு என்னமோ. எனக்குத் தெரிந்த வரை நாலு விஷயம்.

1) தலைக்கணக்கு

2020 சென்சஸ்படி நெப்ராஸ்காவின் மொத்த மக்கள்தொகை 19.6 லட்சம். நம் புனே மாநகராட்சிக்குள் இருப்பவர்களே இதைவிட அதிகம். டெக்சாஸில் 2.9 கோடிக்கு மேல், ஃப்ளோரிடாவில் 2.15 கோடி. உள்ளூரில் விளையும் முதல் தரப் பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓஹியோ ஸ்டேட்டும் டெக்சாஸும் வீட்டு வாசலிலேயே பாதி டீமைப் பொறுக்கிக்கொள்ளும். நெப்ராஸ்கா கோச் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிப் போய் உட்காரும் வீட்டில், அந்தப் பையனின் அம்மா கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "மேட்ச் பார்க்க நாங்க எப்படி வர்றது?" டல்லாஸிலிருந்து லிங்கனுக்குச் சுமார் 1000 கிலோமீட்டர். பதினேழு வயசுப் பையன் ஸ்டேடியத்தைப் பார்க்கிறான். அம்மா தூரத்தைப் பார்க்கிறாள். பெரும்பாலும் அம்மாதான் ஜெயிக்கிறாள்.

2) தனிச்சொத்து பொதுச்சொத்து ஆனது

அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி வந்தார்கள்? மற்றவர்களிடம் இல்லாதது நெப்ராஸ்காவிடம் இருந்தது. 1969-இலேயே பாய்ட் எப்லி என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வீரர்களுக்கு முறையாக எடைப் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற பல கோச்கள் எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போகும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. இன்று ஜிம் இல்லாத காலேஜ் டீம் ஏது?

அடுத்தது டிவி. 1984 வரை எந்த மேட்ச் டிவியில் வரலாம் என்பதை அகில அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கட்டுப்படுத்தியது. அந்த வருடம் சுப்ரீம் கோர்ட் அதை உடைத்தது. முன்பு நாடு முழுக்கத் தெரிந்தவை சில டீம்கள்தான், அவற்றில் நெப்ராஸ்கா ஒன்று. இப்போது எல்லோரும் தெரிகிறார்கள்.

மூன்றாவது, 'வாக் ஆன்' முறை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தக் காசில் சேர்ந்து, டீமோடு பயிற்சி எடுக்கும் உள்ளூர்ப் பசங்க. பண்ணை வீடுகளிலிருந்து வந்து, இரண்டு மூன்று வருடம் அடி வாங்கி, கடைசியில் மெயின் டீமில் ஆடியவர்கள் நிறையப் பேர். நட்சத்திரங்கள் குறைவாக வந்தாலும், இவர்களை வைத்து ஆழம் கூட்டினார்கள். அந்த ஆழத்தோடு ஃப்ளோரிடாவிலிருந்து டாமி ஃப்ரேசியர் மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தால் போதும். 1994, 1995 என்று வரிசையாகச் சாம்பியன்.

3) டெக்சாஸ் பாதையை அடைத்தது

1996-இலிருந்து பிக் 12 என்ற லீகில் டெக்சாஸ் காலேஜ்களோடு சேர்ந்து ஆடினார்கள். டெக்சாஸ் பையனிடம், "உங்க ஊர்ப் பக்கம் அடிக்கடி மேட்ச் இருக்கும், உங்க வீட்டுல வந்து பார்க்கலாம்" என்று சொல்ல முடிந்தது. 2011-இல் பிக் டென் லீகுக்கு மாறினார்கள். வருமானம் அதிகம், லீக் உடையுமோ என்ற பயமும் இல்லை. கணக்குப்படி சரியான முடிவுதான். ஆனால் அதன் பிறகு மேட்ச் எல்லாம் அயோவா, விஸ்கான்சின், மினசோட்டா பக்கம். நாற்பது வருடமாகப் பழகி வைத்த பள்ளிக்கூடக் கோச்கள், தெரிந்த குடும்பங்கள் எல்லாம் மெல்ல நழுவிப் போயின. வடக்கே பழகிய இடமும் இல்லை. அங்கே ஓஹியோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட் என்று ஏற்கெனவே பெரிய தலைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

4) கோச் மாற்றும் வியாதி

இதுதான் பெரிய காரணம் என்பேன். 1962 முதல் 2003 வரை 42 வருடத்தில் மூன்றே தலைமைக் கோச்கள்: பாப் டெவனி, டாம் ஆஸ்போர்ன், ஃப்ராங்க் சோலிச். ஆஸ்போர்ன் மட்டும் 25 சீசன், 255 வெற்றி. 2003-இல் 9 மேட்ச் ஜெயித்த சோலிச்சை 'இது போதாது' என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் இருபது வருடத்துக்குள் ஐந்து பேர். கேலஹன், பெலினி, ரைலி, ஃப்ராஸ்ட், இப்போது 2023-இலிருந்து மேட் ரூல். பெலினி ஏழு சீசனிலும் குறைந்தது 9 வெற்றி கொடுத்தவர், அவரையும் 2014-இல் அனுப்பினார்கள். 1997 சாம்பியன் டீமின் குவார்ட்டர்பேக், மண்ணின் மைந்தன் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தபோது ஊரே கொண்டாடியது. அவர் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. 2022-இல் அவரும் போனார். 2017 முதல் 2023 வரை ஏழு சீசன் ஒரு போல் மேட்ச் கூட இல்லை. 2024-இல்தான் அந்த வறட்சி தீர்ந்தது.

பையன் பக்கத்திலிருந்து பாருங்கள். என்னைக் கூப்பிடும் இந்த கோச் நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது இங்கே இருப்பாரா? எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டமுறை இருக்குமா? எந்தப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்விதான். என்எஃப்எல் கனவு உள்ள பையனுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: இங்கிருந்து போனவர்கள் யார்? 1963 முதல் ஒவ்வொரு வருடமும் நெப்ராஸ்காவிலிருந்து யாராவது ஒருவர் என்எஃப்எல் டிராஃப்டில் தேர்வாகி வந்தார்கள். 2019-இல் ஒருவர் கூட இல்லை. அதே 2019 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்வான நோவா ஃபேன்ட் ஒமாஹா பையன். ஆனால் படித்து ஆடியது பக்கத்து மாநிலமான அயோவாவில். என் கிளையண்ட்காரர்களுக்கு வலிப்பது இந்த மாதிரி விஷயம்தான். வெளியூர்ப் பையன் வராதது கூடப் பரவாயில்லை, சொந்த ஊர்ப் பையன் கிளம்பிவிட்டானே!

சரி, பணம்? 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் விளம்பரம் மூலம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜ்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு காலேஜுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. நெப்ராஸ்காவிடம் பணம் இருக்கிறது, நன்கொடை தரும் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் போட்டிக்காரர்களிடமும் அதே பணம் இருக்கிறதே. எல்லோர் கையிலும் ஒரே சம்பளக் கடிதம் என்றால், பையன் மறுபடி ஊரையும் தூரத்தையும்தான் பார்ப்பான்.

'ஒரிகன் மட்டும் எப்படி?' என்று ஒருவர் கேட்கக்கூடும். அதுவும் சின்ன மாநிலம்தான், நாற்பது லட்சம் சொச்சம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நைக்கி நிறுவனர் ஃபில் நைட் இருக்கிறார். அதைவிட முக்கியம், பக்கத்திலேயே கலிஃபோர்னியா இருக்கிறது. நெப்ராஸ்காவுக்குப் பக்கத்தில் இருப்பது கன்சாஸும் தெற்கு டகோட்டாவும்!

என் கருத்து இதுதான். நெப்ராஸ்கா ஸ்டார் பையன்களைத் துரத்துவதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். 2023 டிசம்பரில் டிலன் ரயோலா என்ற ஐந்து ஸ்டார் குவார்ட்டர்பேக், ஜார்ஜியாவை விட்டுவிட்டு இங்கே வந்தார். அப்பா நெப்ராஸ்காவில் ஆடியவர் என்ற பாசமும் ஒரு காரணம். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 2025 சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. இன்றைய விதிப்படி வீரர்கள் வருடா வருடம் கூட மாறலாம். அப்படியிருக்க, ஒரு ஸ்டாரைப் பிடித்து நான்கு வருடத்துக்குத் திட்டம் போடுவது மணல் வீடு.

செய்ய வேண்டியது மூன்று. உள்ளூர்ப் பையன் ஒருவன் கூட வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிங்கனிலிருந்து காரில் ஒரே நாளில் வந்து போகும் தூரத்தில் வலை வீசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோச்சைப் பத்து வருடம் விட்டு வையுங்கள். 9 வெற்றி பெற்றவரை மறுபடி அனுப்பாதீர்கள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2025 ஏற்பாட்டின்படி டீமில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து அடி வாங்கி மேலே ஏறும் பண்ணை வீட்டுப் பையன்களுக்கு இனி இடம் குறைவு. டெக்சாஸுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை, நெப்ராஸ்காவுக்கு வயிற்றில் அடி. அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட வேண்டிய விஷயம் இதுதான் என்பேன்.

இதை நம் மாதிரி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? நம் வீடுகளிலும் மே, ஜூன் வந்தால் இதே நாடகம்தான். பையன் புனேயிலேயே படிப்பதா, கோயமுத்தூரா, டெல்லியா என்று பேச்சு ஓடும். நாம் பார்ப்பது கட்டிடத்தையும் பிளேஸ்மென்ட் பேனரையும். அந்த டெக்சாஸ் அம்மா கேட்பதை நாமும் கேட்கலாம். உடம்பு சரியில்லை என்றால் ஒரே ராத்திரியில் போய்ச் சேர முடியுமா? இப்போது பாடம் எடுப்பவர்கள் இவன் மூன்றாம் வருடம் படிக்கும்போதும் இருப்பார்களா? நம் பையன் மாதிரி சாதாரண மார்க்கோடு சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? டாப்பர் போட்டோவைக் காட்டுவார்கள், அதை விடுங்கள். நடு பெஞ்சில் இருந்தவனைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் காலேஜ் தேடல் நடந்தால், தூரத்துக்கு எவ்வளவு மார்க் போட்டீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் தாராளமாகத் திட்டலாம்.

டிஸ்கி: ஒமாஹாக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் :-)