எலிக் கூண்டு சொன்ன சேதி

கலியாணமாகி நாலு வருஷம் ஆகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், நம் ஜனங்கள் முதலில் விசாரிப்பது ஜாதகத்தை. அடுத்தபடி விசாரிப்பது மருமகளின் தாய்வீட்டு வம்சத்தை. இந்த விசாரணையில் மாப்பிள்ளை பெரும்பாலும் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. அது கிடக்கட்டும். இந்த வாரம் நான் பிரஸ்தாபிக்க வந்தது, இருவர் உடலுக்கும் வெளியே இருக்கும் மூன்றாம் பேர்வழி ஒருவனைப் பற்றி. அவனைக் காட்டிக் கொடுத்தவை சில சுண்டெலிகள்.

1998-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து கேஸ் வெஸ்டர்ன் ரிஸர்வ் சர்வகலாசாலையில், பாட்ரீஷியா ஹண்ட் என்ற அம்மையார் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பரிசோதனையும் செய்யாமல் சும்மா வைத்திருந்த எலிகளிடம், குரோமோசோம்கள் வரிசை பிசகிய முட்டைகள் வழக்கமாக 100-க்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். திடீரென்று அது 100-க்கு 40 ஆயிற்று!

வெகுவாகத் தேடிய பிறகே துப்புக் கிடைத்தது. எலிக் கூண்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவற்றைக் கழுவியவர், தவறுதலாக வேறொரு காரமான சோப்புத் திரவத்தை உபயோகித்துவிட்டார். பிளாஸ்டிக் அரிபட்டு, அதிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற ரஸாயனப் பொருள் கசிந்து எலிகளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அம்மையார் அந்தப் பொருளையே சிறிய அளவில் வேறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே கோளாறு தோன்றிற்று. 2003-ல் முடிவு வெளியாயிற்று.

இந்தப் பிஸ்பினால்-ஏ, ஸ்திரீகளின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப்போல் வேஷம் போடவல்லது என்பதை லண்டனில் டாட்ஸ் என்ற விஞ்ஞானி 1936-லேயே கண்டு சொல்லியிருந்தார். சொல்லி என்ன? பிற்பாடு அதைக் கொண்டே குழந்தைகளுக்குப் பால் புட்டி செய்தார்கள். ஐரோப்பாவில் அந்தப் புட்டிகளுக்குத் தடை வந்தது 2011-ல்தான்.

முட்டையின் விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆணின் விந்து அன்றாடம் புதிதாக உண்டாகிறது. பெண்ணின் முட்டைகளோ, அவள் தன் தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆகவே கர்ப்பிணி ஒருத்தியின் உடலில் சேரும் பொருள் மகளைத் தொடுவதோடு நிற்பதில்லை. பேரக் குழந்தையாகப் போகிற முட்டையையும் அது தொடக்கூடும். கர்ப்பமுற்ற எலிகளில் இப்படியே நடப்பதை ஹண்ட் குழுவினர் 2007-ல் காட்டினார்கள்.

எலி வேறு, மனுஷி வேறு அல்லவா? பெண்களுக்கு வேண்டுமென்றே இதைக் கொடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் சிகிச்சையில் முட்டைகளை எடுத்துக் கண்ணால் எண்ணிவிடலாம். பாஸ்டன் நகரில் மாஸசூஸெட்ஸ் பொது வைத்தியசாலையில், சிகிச்சைக்கு வந்த பெண்களிடையே இதைச் செய்தார்கள். 84 பெண்களின் சிறுநீரைச் சோதித்ததில், பிஸ்பினால்-ஏ அதிகமாக ஆக, கிடைத்த முட்டைகள் குறைந்தன என்று 2010-ல் எழுதினார்கள். 2015-ல் 256 பெண்களைக் கணக்கெடுத்தபோது அந்தச் சம்பந்தத்தையே காணோம்! கண்டதைக் கண்டபடி வெளியிட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மறு வருஷம் இன்னொன்று தெரிந்தது: சோயா உண்ணாத பெண்களிடம் மட்டும், பிஸ்பினால்-ஏ ஏற ஏறப் பிரசவங்கள் குறைந்திருந்தன. நிச்சயமான தீர்ப்புச் சொல்ல இது போதாது. சந்தேகத்துக்கு இடமில்லை என்று தள்ளவும் முடியாது.

காற்றின் மேலும் சந்தேகம் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கில் இந்தச் சிகிச்சை பெற்ற 7,403 பெண்களின் விவரம் 2010-ல் வெளியாயிற்று. மோட்டார்ப் புகையில் உள்ள நைட்ரஜன் டையாக்ஸைடு, அவர்கள் வீட்டுப் பக்கமோ சிகிச்சைச் சாலைப் பக்கமோ அதிகமாக இருந்தபோது, கர்ப்பம் தரிப்பது குறைந்திருந்தது. கண்ணாடித் தட்டில் ஐந்தாறு நாள் வளரும் கருவுக்காகச் சிகிச்சைச் சாலையின் காற்றைக் கரியில் வடிகட்டுகிறார்கள். அதைச் சுமக்கப் போகிறவள் வீடு திரும்பும் தெருக் காற்றை யார் வடிகட்டுவது?

எந்தப் பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் என் வீட்டில் சூடான பதார்த்தம் எவர்ஸில்வர் பாத்திரத்தில்தான். தெருப்புகைக்கு இவ்வளவு சுலபமான வைத்தியம் ஏது? அது சட்டசபையில் நடக்க வேண்டிய காரியம். மருமகளுக்குப் பத்தியம் வைத்துத் தீராது.

எலிகளின் கதை கிளீவ்லாந்தோடு முடியவில்லை. ஹண்ட் அம்மையார் பிற்பாடு வாஷிங்டன் ராஜ்ய சர்வகலாசாலைக்குப் போனார். பழைய பிளாஸ்டிக்கை விலக்கி, பாலிஸல்போன் என்ற வேறொன்றினால் ஆன கூண்டுகளை வைத்தார். அங்கேயும் ஒரு நாள், சும்மா வைத்திருந்த எலிகளின் கணக்குப் பிசகத் தொடங்கிற்று. கூண்டுகளைப் பார்த்தார்கள், சிலவற்றில் சேதம் தெரிந்தது. 2018-ல் விவரத்தை வெளியிட்டார்கள். இந்தத் தடவை கசிந்த பொருளின் பெயர் பிஸ்பினால்-எஸ்.