எதுக்கு எடுக்க விட்டுச்சு?

சிம்மக்கல் டீக்கடையில் போன வாரம் ஒரு விவாதம். காதல் முறிந்த ஆத்திரத்தில் எவனோ ஒருத்தன், பழகிய பெண்ணின் அந்தரங்கப் படத்தை வாட்ஸப்பில் பரப்பிவிட்டானாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் செஞ்சது தப்புத்தேன். ஆனா அந்தப் புள்ள எதுக்குப் படம் எடுக்க விட்டுச்சு?"

அடியேன் பி.காம். எதையும் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். "அண்ணே, சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கிட்டு ஒருத்தன் ஓடிட்டா, போட்ட உங்களையா ஸ்டேஷன்ல உக்கார வைப்பாங்க?"

"காசும் மானமும் ஒண்ணாய்யா?"

ஒன்றில்லைதான். காசு வசூலானால் திரும்பி வரும்.

பெரியவர் குழம்பினாலும் சட்டம் குழம்பவில்லை. 2013-ல் சேர்த்த 354சி பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அடுத்தவருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது காட்டினால் குற்றம் என்று விளக்கமே போட்டிருக்கிறார்கள். முதல் தடவை ஒன்று முதல் மூன்று வருஷம். மறுபடி மாட்டினால் ஏழு வரை போகும்.

இந்த 'எதுக்கு' இருக்கிறதே, அதுதான் மிரட்டுகிறவனின் முதலீடு. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களைச் சீரழித்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டிக்கொண்டிருந்தது. ஊர் தங்களைத்தான் கேள்வி கேட்கும் என்று பயந்து பலர் வாய் திறக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். நாம் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? ரகசியமாக வைக்க வேண்டிய அவர் பெயரைப் போலீஸ் அதிகாரியே நிருபர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அச்சடித்தார்கள்! நம்ம ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளைதான் கோபப்பட்டு, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதற்குள் வீடியோவின் ஒரு துண்டு ஊரெல்லாம் சுற்றியாயிற்று. "ஐயோ பாவம்" என்று மேலே எழுதி அனுப்பிய உத்தமர்களும் உண்டு. பாவம் என்றால் எதற்கய்யா அனுப்பினீர்கள்?

2025 மே 13. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்றது கோவை மகளிர் நீதிமன்றம். சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு வருஷம் ஊர் வாயைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்களுக்கு எதிரான இந்த மாதிரி குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். ஒன்று மட்டும். பயத்தில் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அவன் நம்பர், தேதி, நேரம், மிரட்டல் எல்லாம் அதில்தான் இருக்கிறது.