பிரிண்டர் சாகலை, டிரைவர்தான் செத்துச்சு

 இன்னிக்கு வயித்தெரிச்சலோட வந்திருக்கேன், பொறுத்துக்குங்க.

மாயவரத்துல பொறந்து, பிரேசர் டவுன் கிளையில வந்து உக்காந்திருக்கேன். கோல்ஸ் பார்க்ல நடைய முடிச்சுட்டு வர்ற பென்ஷன்காரங்க எல்லாருக்கும் பாஸ்புக்ல என்ட்ரி போடணும். "மொபைல்ல பாருங்களேன் சார்"னா, "அதெல்லாம் வேணாம் தம்பி, அச்சடிச்சுக் குடுங்க"ம்பாங்க. கேக்கறது அவங்க உரிமை. சேமிப்புக் கணக்கு வெச்சிருக்கற தனிநபர் எல்லாருக்கும் பாஸ்புக் தரணும்னு ரிசர்வ் வங்கி 2006லயே சொல்லியாச்சு.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. கிளையில எல்லாப் பொட்டியும் 11க்கு மாறுச்சு. மறுநாள் பாஸ்புக் பிரிண்டர் பேச்சுமூச்சில்லை. சர்வீஸ் பையன் வந்து பாத்துட்டு ஒரே வரியில முடிச்சுட்டான்: "பழைய மாடல் சார், தூக்கிப் போட்ருங்க."

பழசுதான்யா, கெட்டுப் போகலையே! பொத்தானை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணினா செல்ஃப் டெஸ்ட் டர்ர்ருனு அடிக்குது.

நான் பி.காம்., தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். டிரைவர்ங்கறது சிஸ்டத்துக்கும் பிரிண்டருக்கும் நடுவுல நிக்கற துபாஷி. 64 பிட் விண்டோஸ்ல பழைய 32 பிட் அப்ளிகேஷன் ஓடும், அதுக்கு உள்ளேயே ஏற்பாடு இருக்கு. டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது, 64 பிட்டுக்குன்னே தனியா எழுதணும். 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு இருந்துச்சு, நாங்களும் அதுல காலம் தள்ளினோம். 2021ல வந்த 11க்கு அது இல்லவே இல்லை.

விண்டோஸைத் திட்ட நான் வரலை. 64 பிட் எக்ஸ்பி வந்தது 2005ல. இருபது வருஷ நோட்டீஸ்! அத்தனை வருஷத்துல இந்த மாடலுக்கு ஒரு டிரைவர் எழுத முடியலையா? எழுதிட்டா புது பிரிண்டர் எப்படி விக்கறது?

அவங்களை விட நம்ம மேலதான் எனக்குக் கோபம். டெண்டர்ல ஸ்பீடு கேக்கறோம், ரிப்பன் ஆயுசு கேக்கறோம், ஏஎம்சி கேக்கறோம், கடைசியில எல்-1 யாருன்னு பாத்து வாங்கறோம். டிரைவர் பத்தி ஒரு வரி கிடையாது. கல்லை விட்டெறிஞ்சா சாஃப்ட்வேர் ஆள் மேல விழற ஊர்ல இந்த லட்சணம்.

அப்புறம் ஐ.டி. பிரிவுல கெஞ்சி அனுமதி வாங்கினேன். புது பொட்டியில பேரலல் போர்ட்டே இல்லை. எஸ்.பி. ரோட்ல யுஎஸ்பி-பேரலல் கேபிள் ஒண்ணு வாங்கி, விண்டோஸோடயே வர்ற 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போட்டோம். எங்க அப்ளிகேஷனுக்கு எல்பிடி1 தவிர வேற எதுவும் தெரியாது. கேபிளோ யுஎஸ்பி001னு வந்து நிக்குது. பிரிண்டரை ஷேர் பண்ணி, 'நெட் யூஸ்' கமாண்டால எல்பிடி1ஐ அதுக்குத் திருப்பி விட்டோம். அடிச்சுது! :-) இங்கிலீஷும் நம்பரும் மட்டும்தான், முதல் பக்கத்துல கன்னடத்துல பேர் வராது, அதைக் கையால எழுதறோம்.

அடுத்த பிரிண்டர் டெண்டர் வருதாம். ரெண்டு ஷரத்து சேக்கச் சொல்லி மண்டல ஆபீஸுக்கு எழுதினேன். பிரிண்டரோட கமாண்ட் மேனுவலை டெலிவரியோடயே தரணும். ஏஎம்சி இருக்கற வரைக்கும் புது சிஸ்டத்துக்கு டிரைவர் தரணும், முடியலைன்னா சோர்ஸ் கோடை ஒப்படைக்கணும்.

நேத்து பதில் வந்துச்சு. ஒரே வார்த்தை: "நோட்டட்."