வரைபடத்தில் முதல் கோடு

கிழக்குத் தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு மனைப்பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்தேன். சென்ற ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை நேரம், அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மனைகள் எல்லாம் வீடுகளாகிவிட்டன. சிமெண்ட் சாலை வந்திருக்கிறது, தெருவிளக்கு எரிகிறது. முனையில் மருந்துக் கடை, அதற்கடுத்து மாவுக் கடை. பத்து நிமிடம் நடந்தால் பேருந்து நிறுத்தம். நான் பூங்காவுக்கென்று விட்ட இடம் மட்டும் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. முக்கோண வடிவம், ஒரு பக்கம் மின்மாற்றி, மறுபக்கம் அடுத்த நிலத்தின் மதில், கேட்டில் துருப்பிடித்த பூட்டு. எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "பார்க்குக்குன்னு இந்தப் பள்ளத்தை யாரு தம்பி விட்டாங்க?"

நான்தாம்மா என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். பேரப்பிள்ளைகள் மொட்டை மாடியில் விளையாடுகிறார்கள், கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு, அதனால் அவர்கள் விளையாடி முடிக்கும்வரை தான் கீழே இறங்குவதே இல்லை என்றார்.

அந்த முக்கோணம் எப்படி வந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் வரைந்திருக்கிறோம். நில அளவர் புலப்பட நகலைக் கொண்டுவருவார். எத்தனை மனை தேறும் என்பதுதான் உரிமையாளரின் முதல் கேள்வி. அணுகுசாலையிலிருந்து உள்சாலையை இழுப்போம், இருபதுக்கு ஐம்பது, முப்பதுக்கு நாற்பது என்று மனைகளை அடுக்குவோம். எல்லை கோணலாகப் போகும் இடத்தில் எந்த மனையும் பொருந்தாது. அங்கே பச்சை வண்ணம் தீட்டிப் பரப்பைக் கூட்டிப் பார்ப்போம். பத்து விழுக்காடு வந்துவிட்டால் வேலை முடிந்தது. என் முக்கோணமும் சட்டப்படி சரியானதுதான். அளவு இருந்தது, தானப்பத்திரம் பதிவானது, உள்ளாட்சி அதை ஏற்றுக்கொண்டது.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயின. இன்று 70 வார்டுகள். 1931இலேயே கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து சேர்ந்த ஊர் இது. காற்று நன்றாக இருக்கிறது என்று 1928இல் காசநோய் மருத்துவமனையும், இடம் தாராளமாக இருக்கிறது என்று 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் இங்கே வந்தன. வசதிக்கும் பசுமைக்கும் சேர்த்தே ஆசைப்பட்டு மக்கள் குடியேறிய இடம் என்று இதைச் சொல்லலாம். இன்று வீடு வாங்க வருகிறவர்களும் அதே இரண்டைத்தான் கேட்கிறார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், மாலையில் நடக்க மர நிழல் வேண்டும். முதல் இரண்டையும் சந்தை எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. மூன்றாவது நம் பென்சிலிலிருந்து மட்டுமே வர முடியும்.

விதியைச் சற்று நிதானமாகப் படிப்போம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கு மேல் 10,000 வரை, சாலைப் பரப்பு நீங்கலாகப் பத்து விழுக்காடு விட வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும், பணம் செல்லாது. இந்த மூன்று படிகளில் முதல் இரண்டும் நம் புறநகரைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றேகால் ஏக்கரை இரண்டாக உடைத்து இரண்டு விண்ணப்பமாகக் கொடுப்பது எப்படி என்று நம் தொழிலில் யாருக்குத் தெரியாது? கட்டிய பணம் நிலமாக மாறி அதே தெருவுக்குத் திரும்பியதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது படியின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். சாலைகளுக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு போனால் மீதி 14,200. அதில் பத்து விழுக்காடு 1,420 சதுர மீட்டர், ஆறு கிரவுண்டுக்குச் சற்று மேல். எஞ்சிய இடத்தில் ஆயிரம் சதுர அடி மனைகளாகப் போட்டால் 137 மனைகள் தேறும். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 548 பேர். ஆளுக்கு 2.6 சதுர மீட்டர் திறந்தவெளி. மாடி கட்டி வாடகைக்கு விட்டதும் அது 1.3 ஆகிவிடும், கட்டாத வீடு எங்கே இருக்கிறது? மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2014இல் வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டி நெறிகள் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன. ஆக, விதியை ஒரு சதுர அடிகூடக் குறையாமல் நிறைவேற்றினாலும் நாம் எட்டில் ஒரு பங்கைத்தான் தருகிறோம்.

இத்தனை சிறிய இடம் தானாக ஒரு ஊருக்குப் பசுமை தந்துவிடாது. பெரிய பசுமை வேறு இடங்களில் இருக்கிறது: கிறித்துவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம், நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர் உயிரியல் பூங்கா, ஏரிகள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கல்லூரி வளாகம் முதலில் முட்புதர் மண்டிய வறண்ட நிலம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுத்தான் அது காடானது. ஆறு கிரவுண்டு நிலம் இவற்றோடு போட்டி போட முடியாது. ஆனால் இவற்றுக்கு இட்டுச்செல்லும் கண்ணியாக இருக்க முடியும். ஒரு மனைப்பிரிவின் திறந்தவெளி பக்கத்து மனைப்பிரிவின் திறந்தவெளியைத் தொட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு வாய்க்கால் கரையை அடைந்தால், கரை ஏரிக்குப் போனால், அந்த அம்மா வீட்டு வாசலிலிருந்து ஏரிவரை நிழலில் நடக்கலாம். அதற்கு இடத்தின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். என் முக்கோணம் தோற்றது அங்கேதான்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒதுக்கும் இடம் தரைமட்டத்தில், பொதுச்சாலையை ஒட்டி, திட்டமிடல் அதிகாரி குறிப்பிடும் வடிவத்திலும் இடத்திலும் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதியில் இருக்கிறது. குறிப்பிடும் அதிகாரத்தை நாம் எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவே. ஒதுக்கியதைக் காக்கவும் சட்டம் உண்டு. பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பை இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு உள்ளாட்சிப் பொறியாளரும் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

இனி தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அடையாற்று வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. கிழக்குப் பக்கத்துக் கதை வேறு. சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணையைச் சேரும். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்தது அடுத்த ஏரிக்கு வரத்து. இந்தச் சங்கிலியில் ஏரிகளுக்கும் பெரிய கால்வாய்களுக்கும் புறம்போக்கு என்ற பெயராவது இருக்கிறது. ஏரிக்குக் கீழே வயலுக்கு வயல் நீர் பாய்ந்த சின்ன வாய்க்கால்கள் பல பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடின. வயல் மனையானதும் அவற்றை அழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. என் மனைப்பிரிவிலும் அப்படி ஒரு வாய்க்கால் இருந்தது. அளவர் காட்டினார். "இது பட்டாவுலதான் சார் வருது, பிரச்சினை இல்ல" என்றார். நானும் அதன்மேல் மனைகளைப் போட்டேன். வாய்க்காலை அழித்தாலும் தண்ணீர் வழி மறப்பதில்லை. அது மிகத் தாழ்ந்த மூலையைத் தேடிப் போயிற்று, அங்கே என் பூங்கா இருந்தது.

பூங்காவில் தண்ணீர் நிற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் மழைநீரைத் தாங்கி, மெதுவாக உறிஞ்சி, மிச்சத்தை வாய்க்காலுக்கு விடும் பூங்கா நல்ல பூங்கா. அதற்கு நடைபாதை மேட்டில் இருக்க வேண்டும், நடுவே பள்ளம் வேண்டும், பள்ளத்துக்கு வெளிப்போக்கு வேண்டும். என் முக்கோணத்துக்கு வெளிப்போக்கே இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட சாலைகள் அதை இன்னும் தாழ்த்திவிட்டன.

நிலத்தையும் நீரையும் பார்த்துவிட்டு வரைய வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1914இல் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது நமக்குத் தெரியும். அதே எம்டன் சில வாரங்கள் கழித்து மூழ்கடித்த ஒரு சரக்குக் கப்பலில், ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் தம் நகரமைப்புக் கண்காட்சிக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த வரைபடங்கள் எல்லாம் போயின. நண்பர்களின் உதவியால் புதிதாகத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையிலேயே அந்தக் கண்காட்சியைத் திறந்தார். வரைவதற்கு முன் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார். சில ஆண்டுகளில், 1920களில், சென்னையின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. அந்தக் காலத்துப் புறநகர் அது. ஏரியை இழந்தது பெரிய பிழை, ஆனாலும் அந்த நகரை வரைந்தவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பூங்காவை நடுவில் வைத்து, சாலைகள் அதைச் சுற்றிப் போகும்படி அமைத்தார்கள். கடைவீதி நெரிசல் எல்லாவற்றையும் விழுங்கிய பிறகும் பனகல் பூங்கா அங்கே இருக்கிறது. மூலையில் இருந்திருந்தால் என்றோ காணாமல் போயிருக்கும்.

நகர வசதி என்ற பேச்சில் பாதாளச் சாக்கடையை நாம் கடைசியில் வைக்கிறோம். ஏரிகளைப் பொறுத்தவரை அதுதான் முதலில் வர வேண்டும். சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு மழைநீர் வடிகாலில் கலந்து ஏரிக்குத்தான் போகிறது. கரையில் நடைபாதையும் கிரானைட் இருக்கையும் போட்டுவிட்டு உள்ளே கழிவை விட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் நடப்பார்கள்? ஏரியின் நீர்ப்பரப்பைக் குறைத்து உள்பக்கம் நடைபாதை கட்டுவதும் கூடாது. கரைக்கு வெளியே இடம் இல்லையென்றால் கரையின் மேலேயே நடக்கட்டும்.

பராமரிப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. காலை சில மணி நேரம், மாலை சில மணி நேரம் மட்டும் திறக்கும் பூங்கா, மதிய வேளையில் மட்டும் ஓய்வு கிடைக்கும் பெண்களுக்கு எப்போதுமே மூடியதுதான். தரை முழுக்கப் பேவர் பிளாக் பதித்து, நான்கு உடற்பயிற்சிக் கருவி நட்டு, பந்து விளையாடக் கூடாதென்று பலகை மாட்டினால் அது யாருக்கான இடம்? மண் தரை, புங்கனும் பூவரசும் நாவலும், ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, பெஞ்சு. செலவும் குறைவு.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்டியிலிருந்து அந்த மனைப்பிரிவின் அம்மோனியா பிரிண்டை எடுத்தேன். மேலே டிரேசிங் தாளை விரித்து, முதல் கோடாக அந்த வாய்க்காலை வரைந்தேன். அதன் இரு பக்கமும் சேர்த்துப் பத்து மீட்டர் அகலத்தில் திறந்தவெளி, ஒரு பக்கம் சாலை. பிறகு மற்ற சாலைகள், கடைசியில் மனைகள். கோணல் மூலையில் ஒரு பெரிய மனை வந்தது, தோட்டம் போட நினைக்கிறவர் அதை விரும்பி வாங்கியிருப்பார். அன்று நான் போட்டவை 96 மனைகள். இப்போது 93. பெரும்பாலான வீட்டு வாசல்களிலிருந்து பச்சை தெரிகிறது. பக்கத்து மனைப்பிரிவின் திறந்தவெளியும் இதே வாய்க்காலின் தொடர்ச்சியில்தான் விழுகிறது. அதை வரைந்தவரும் நம் தோழர்களில் ஒருவர். நாங்கள் இருவரும் அன்று ஒருமுறை பேசிக்கொண்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்திருக்கிறது. 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. புதிதாகச் சேர்ந்த பகுதியில் இன்னும் வயலும் ஏரியுமாக இருக்கும் ஊர்கள் எத்தனையோ. அவற்றின் மனைப்பிரிவுகள் நம் மேசைக்கு இப்போதே வந்துகொண்டிருக்கின்றன. கூர்ந்தாய்வுக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்தோடும் பழைய புலப்படத்தில் உள்ள நீர்வழிகளை, அவை பட்டாவில் இருந்தாலும், தனித்தாளில் குறித்துத் தர வேண்டும் என்றும், சுற்றியுள்ள மனைப்பிரிவுகளின் திறந்தவெளி ஒதுக்கீட்டு (ஓ.எஸ்.ஆர்.) நிலங்களை அதே தாளில் காட்ட வேண்டும் என்றும் கேட்கத் தொடங்குங்கள். கேட்கும் அதிகாரம் உங்களில் பலருக்கு இருக்கிறது.

அடுத்த இதழில் பன்னிரண்டு பக்கங்களை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். பத்தாண்டுக்கு முன் நீங்கள் வரைந்த மனைப்பிரிவு ஒன்றை இப்போது போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வரைந்து அனுப்புங்கள். பெயரும் புல எண்ணும் வேண்டாம், பழைய தாளும் புதிய தாளும் போதும். என்னுடைய இரண்டும் முதல் பக்கத்தில் வரும்.